‘ஏழு மணி’ பற்றி வந்தவை

தம்பி எடுத்த படத்துக்கு
இதுவரை பதினோரு விமர்சனம் வந்திருக்கிறது.
சாயப்பட்டறைக் கணக்கை மூடிவைத்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில்
ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.

சென்னைப் பத்திரிகை
ஐந்துக்கு இரண்டரை கொடுத்திருக்கிறது.
நாற்பது வயது ஆள்
லிஃப்ட் நின்றதும் தரையில் உட்கார்ந்து
காதைப் பொத்திக்கொள்வது
நம்பும்படியாக இல்லையாம்.

இன்னொருவர் உருகியிருக்கிறார்.
தறிகள் நின்றபின் வரும் அந்த நான்கு நிமிட மௌனம்
மழை விட்ட வயலைப் போல
மனதைக் கழுவிவிடுகிறதாம்.
அதைப் பூபதிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.
‘நல்லாத்தானக்கா எழுதியிருக்காரு’ என்றான்.
அதற்குப் பிறகு சத்தமில்லை.
வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தேன்.
நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பதினாறு தறி.
வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர்.
தட்டில் சோறு அதிரும்.
பாவு அறுந்தால் முடிச்சுப் போடுவார் அப்பா,
எண்ணெய் விடுவார், நாடா மாற்றுவார்.
கையில் வேலை இருக்கும்வரை
அந்தக் கை எங்களுக்கு வராது.
கரண்ட் போகும்.
கடைசி நாடா பாதி வழியில் நிற்கும்.
சோமனூர் முழுக்க ஒரே நொடியில் ஊமையாகும்.
ஆணியில் பழைய மோட்டார் பெல்ட்.
காடாத் துணி மீட்டர் மீட்டராய் நஷ்டமாவதை
யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு.
நூல் மூட்டைக்குப் பின்னால்
ஒரு ஆள் ஒளியும் இடம் இருந்தது.
நான் எப்போதும் முதலில் ஓடினேன்.

மூன்றாவது விமர்சனம் கேட்கிறது:
‘அக்கா பாத்திரம் எதற்கு?
மூட்டைக்குப் பின்னால் நிற்பதைத் தவிர
படம் முழுக்க அவள் எதுவும் செய்வதில்லை.’
இரண்டு முறை படித்தேன்.
அன்றைக்குத் தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது.

சோமனூரில் கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினான்.
தறிக்காரர்கள், அவர்கள் வீட்டார்,
மாமன் முறையில் நாலைந்து பேர்.
திரையில் தறி நின்றதும்
யாரும் இருமவில்லை.
பாதிப்பேர் திரும்பி
மண்டபத்து வாசலைப் பார்த்தார்கள்.
இதை எந்த விமர்சகரும் எழுதவில்லை,
யாரும் வந்திருக்கவில்லை.

எங்கள் தறியில் ஒன்பது வருஷம் ஓட்டிய
வெள்ளியங்கிரி அண்ணன் எழுந்து போய்விட்டார்.
படம் முடிந்து பார்த்தால்
செருப்புக் குவியல் நடுவே நிற்கிறார்,
கையில் பற்றவைக்காத பீடி.
‘எப்படீங்ணா இருந்துச்சு?’
‘நடுவுல சவுண்டு ரிப்பேருங்களா அம்மிணி?’
என்றார் என் தோளுக்கு மேலே பார்த்து.

அம்மாவை வண்டியில் கூட்டி வந்தேன்.
சாமளாபுரம் குளம் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை.
முப்பது வருஷமாக
‘அதெல்லாம் அந்தக் காலத்துல எல்லா ஊட்லயும்’
என்று மட்டுமே சொன்னவள்.
காற்றில் பாதி போக, மீதி கேட்டது:
‘ஏழுன்னு பேரு வெச்சிருக்கான்.
ஏழில்லெ.
ஆறரைக்கே போயிரும் கரண்டு.’

பிரேக்கில் கை தானாகப் போயிற்று.
பின்னால் வந்த பஸ் திட்டிக்கொண்டே கடந்தது.
‘ஏன் நிக்கிறே? பேக்கரி இன்னும் முன்னால.
பையனுக்கு பன்னு வாங்கோணும்.’

பூபதியிடம் இன்னும் சொல்லவில்லை.
பேரை மாற்ற முடியாது இனி.
சொன்னால் சிரிப்பானா,
லிஃப்டில் உட்கார்ந்தது போல உட்கார்ந்துவிடுவானா
தெரியவில்லை.

பதினோராவது நேற்று ராத்திரி வந்தது.
கவனமான ஆள். பிழைகளை மட்டும் எழுதியிருக்கிறார்.
மார்கழிக் காட்சியில், ஆட்கள் போர்த்திப் படுத்திருக்க,
மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது,
இயக்குநர் கவனிக்கவில்லை போலும் என்று.

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படித்தேன்.
மேலே ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்தில்.