நூற்று அறுபதுக்கு மேல்

பாடாங் திடலோரக் கூடாரத்தில் எனக்கு
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
கைப்பட்டை இறுக்கும் கருவி.
பக்கத்துக் கூடாரத்தில் வண்டிகளைச் சோதிக்கிறார்கள்:
டயரில் காற்று, பிரேக்கில் எண்ணெய், மொத்த எடை.
இங்கே ஓட்டுநர்களை.

ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு பந்தயத் தொடர்.
ஆறு நகரம். எங்கள் ஊர் நான்காவது.
இரவு ஒன்பதரைக்குப் பன்னிரண்டு சுற்று,
எல்லாருக்கும் ஒரே ரக வண்டி,
எல்லாருக்கும் ஒரே விதி.
மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டினால்
தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட வேண்டும்.

ஒஸ்வால்டோவுக்கு முழங்காலில் உலோகம்.
விமான நிலையங்களில் தன்னைத் தடவிப் பார்த்த கைகளை
விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.
மார்கிட் அம்மையார்
மூக்குக்கண்ணாடியைக் கவசத்துக்குள் நுழைக்கும் வித்தையை
இரண்டு முறை செய்தார்,
நான் கேட்காமலே.

பிறகு குணாளன். ஈப்போக்காரர்.
பத்து தீகாவிலும் மக்காவிலும் ஓட்டியவர், வயது அறுபத்து மூன்று.
கையை நீட்டி
தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர்போல் சொன்னார்:
"பார்த்துப் போடும்மா."

நூற்று எழுபத்தொன்று.

"கோப்பி-ஓ ரெண்டு குடிச்சேன், அதான்."
பத்து நிமிடம் உட்காரவைத்தேன்.
நூற்று அறுபத்தெட்டு.
"வலது கை கியர் போட்ட கை.
அதுக்கு எப்பவும் சூடு. இடதைப் பாரேன்."
இடது இன்னும் மோசம்.

படிவத்தில் அறுபத்தெட்டை எழுதப் போகையில்
பேனா கொஞ்சம் நின்றது.
ஆறை ஐந்தாக்க
ஒரு வளைவைத் திறந்துவிட்டால் போதும்.
இந்தத் தெருக்களில் பத்தொன்பது வளைவு.
எனக்கு ஒன்றே ஒன்று.
அவர் என் பேனாவைப் பார்க்கவில்லை,
பார்க்காமலிருப்பதை நான் பார்த்தேன்.

ஆறை முழுசாக மூடி எழுதினேன்.

வாதாடுவார் என்றிருந்தேன்.
உடுப்பின் ஜிப்பை இடுப்புவரை இறக்கினார்,
கைகளை முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார்,
பட்டையைக் கழற்ற மறந்து
(நானும் மறந்தேன்)
அங்கேயே உட்கார்ந்திருந்தார்.
அவர் வண்டியை, எண் முப்பத்தேழு,
இரண்டு பையன்கள் பின்னோக்கித் தள்ளிப் போனார்கள்.

விளக்கு அணைந்திருக்க வேண்டும்.
சத்தம்தான் வந்தது.
கூடாரத் துணி படபடத்தது,
தண்ணீர்ப் போத்தலுக்குள் வட்டம் வட்டமாய் அதிர்வு.
ஆண்டர்சன் பாலத்தில் கூட்டமாக ஏறி
இந்தப் பக்கம் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து
கத்திக்கொண்டு போயின.
அவர் கண்ணை மூடியிருந்தார்.
வலது கால் கட்டைவிரல் மட்டும்
காலணிக்குள் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.
"மூணாவதுலயே போறான்... இப்ப விடு... விடுடா...
ஹ்ம், லேட்டு."

கேட்காமல் பொத்தானை அமுக்கினேன்.
பட்டை இறுகியது அவருக்குத் தெரியவேயில்லை.

நூற்று இருபத்தாறு. கீழே எழுபத்தெட்டு.
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருகிற எண்.

"எவ்ளோ?" ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார்.
"இதத்தான் சொல்ல வந்தேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல."
படிவத்தில் மூன்று கட்டம்தான்.
நாலாவது அளவுக்கு இடம் இல்லை.

ஏழாவது சுற்றில் ஒஸ்வால்டோ தடுப்பில் போய் உரசினார்.
தானே இறங்கி, கூட்டத்துக்குக் கையசைத்து,
உலோகக் காலை இழுத்துக்கொண்டு வந்து
குணாளன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.
விதிப்படி அளந்தேன்.
நூற்று எண்பத்து மூன்று.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்,
முடிவுப் பலகையைப் பார்ப்பதுபோல்.
பிறகு குணாளன் மெல்ல எழுந்து
கையை மேலே தூக்கினார், மேடையில் நிற்பவர்போல்.
ஒஸ்வால்டோ தன் மொழியில் ஏதோ திட்டினார்.

போகும்போது அந்தத் தாள் நறுக்கைக் கேட்டார்,
நூற்று இருபத்தாறு அச்சான நறுக்கு.
பந்தய உடுப்பில் பை கிடையாது.
நாலாய் மடித்து
கையுறைக்குள் செருகிக்கொண்டார்,
வலது கையுறை.