மார்ச் பதினேழில் பிறந்தவள்

இன்று காலை ஆறரைக்கே
பீட்சாக் கடை வாழ்த்தியது.
பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை,
பம்பலப்பிட்டிச் சேலைக் கடை,
எப்போதோ தலையணை வாங்கிய ஒரு தளம்:
"அன்பின் மாலினி, இனிய பிறந்தநாள்.
இன்று மட்டும் இருபது வீதக் கழிவு."

நான் மாலினி இல்லை.
மார்ச் பதினேழில் பிறந்தவளும் இல்லை.

படிவம் கேட்கிற இடத்துக்கெல்லாம்
அவளைத்தான் அனுப்பிவைக்கிறேன்.
சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்.
தெஹிவளையில் இல்லாத ஒழுங்கையொன்றில்
இல்லாத இலக்கத்தில் குடியிருக்கிறாள்.
முதல் செல்லப்பிராணி எது என்று கேட்டார்கள்,
கபரகொய்யா என்று எழுதினாள்.
வெள்ளவத்தை வாய்க்காலில்
வெயில் காய்வதைப் பார்த்திருக்கிறேன்,
முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது.

அவள் பிறந்த கதை இப்படி.
காலி வீதி சுப்பர்மார்க்கெட்டில்
புள்ளி சேர்க்க நம்பரைச் சொல்லச் சொன்னார்கள்.
பூச்சியம் ஏழு ஏழு என்று தொடங்கி
பருப்புக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே
பத்து இலக்கமும் சொன்னேன்.
கேட்கவில்லை என்றாள் காசாளர்ப் பெண்.
இன்னும் சத்தமாய்ச் சொன்னேன்.
அன்றிரவு பத்தரைக்கு ஒரு செய்தி:
நீலம் உங்களுக்கு வடிவு.

எனக்குப் பின்னால் நின்றது யார்?
ஒரு கூடை நினைவிருக்கிறது,
அதற்குள் இரண்டு தயிர்ச் சட்டி.
முகம் இல்லை.
அந்த நீலச் சட்டையை
இன்னும் நான் போடவில்லை.

தொண்ணூற்றேழில், லொட்ஜில்,
அம்மா நிரப்பிய படிவங்களில்
ஒரு பொய்யும் கிடையாது.
பெயர். பிறந்த திகதி. வந்த காரணம்.
போகப்போகும் நாள்.
மூன்று பிரதி.
மேசைக்கு அந்தப் பக்கம் சப்பாத்துகள்.

இப்போது சப்பாத்து இல்லை.
சின்னதாய் ஒரு பெட்டி,
தயவுசெய்து என்றுகூடச் சொல்கிறது.
நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா?
எப்போதும்.
இந்த ஒரு தடவை மட்டும்.
வேண்டாம்.

வேண்டாம் என்ற சொல்லை
அம்மாவின் படிவத்தில்
யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.
அதனாலோ என்னவோ
அதைத் தொடும்போதெல்லாம்
விரல் கொஞ்சம் கூடுதலாய் அழுத்துகிறது.

போன வருடம் போனின் திரை வெடித்தது.
லிபர்ட்டி பிளாசாவில் ரிஸ்கான்
பூட்டுத் திறக்கும் இலக்கத்தைக் கேட்டான்.
தரமாட்டேன், பக்கத்தில் நிற்கிறேன் என்றேன்.
இரண்டு மணித்தியாலம்.
நடுவில் ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டான்.
"எல்லாரும் குடுத்திட்டு சாப்பிடப் போயிடுவாங்க.
நாங்க ஒன்னும் பார்க்கிறதில்ல."
ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு,
தலை நிமிராமல்,
"நான் பார்க்கிறதில்ல" என்று திருத்தினான்.

என்னுடைய நாள்
மழை மாதத்தில் வரும்.
அன்று போன் ஒரு கல்.
சேலைக் கடைக்குத் தெரியாது, பீட்சாவுக்குத் தெரியாது.
கடற்கரைப் பக்க யன்னலைத் திறந்து வைத்து
கூடிப்போன ஒரு வயதை
யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டிருப்பேன்.
சில வருடம் அது சுகம்.
சில வருடம்,
பொய் சொல்லக்கூடாது,
மாலினிமேல் பொறாமை.

போன முறை இரவு எட்டு மணிக்குக்
கதவைத் தட்டினாள் நிரோஜினி.
நனைந்த பெட்டி, ஒரு பக்கம் நசிந்த கேக்.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"லொட்ஜில உங்கட அம்மா எழுதேக்க
எட்டிப் பாத்தனான்."
இத்தனை வருசமும்
ஒருத்தருக்கும் சொல்லவில்லையாம்.

படம் எடுக்கப் போனவள்
கையைப் பாதியில் நிறுத்தி
"எடுக்கட்டே?" என்றாள்.
கீழே பாணந்துறை ரயில்
கண்ணாடியை அதிரவைத்துப் போய்முடியும்வரை
நான் பதில் சொல்லவில்லை.

படம் வேண்டுமென்றால் மாலினியை எடு என்றேன்.

"ஆரடி மாலினி?" என்றாள்
வாய் நிறையக் கேக்குடன்.