மூன்று லாட்ஜ்

பேனர் அடிப்பவர் கேட்டார்
யார் படம் போடணும் மேடம்.
யார் படமும் வேண்டாம் என்றேன்.
சத்துவாச்சாரியில் மஞ்சள் நீராட்டுக்கே
பன்னிரண்டு முகம் வைப்பவர், திகைத்துப்போனார்.
சரி, ஏழு புள்ளி, பதினொரு கோடு என்று
தாளில் வரைந்து கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
காட்பாடி ஜங்ஷனா, என்றார்.
ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

கோட்பாட்டுக் கணினியியல், மூன்று நாள் மாநாடு.
அரங்கம் காலியாக இருந்தது
கத்திரி வெயிலில் மட்டும்.
இந்த ஊர் வெயிலுக்குக் கீழ்வரம்பு
என்றோ நிறுவப்பட்டுவிட்டது,
மேல்வரம்பு இன்னும் விடை தெரியாத கணக்கு
என்று அழைப்பு மடலில் எழுதி
முதல்வர் பார்க்குமுன் அழித்தேன்.

அறுபத்து நான்கு பேர்.
ஊர் முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
பாபுராவ் தெருவில் வங்காளத்தில் எழுதிய பலகைகள்,
மாடிக் கைப்பிடியில் காயும் லுங்கிகள்,
மூடிய கதவுகளின் கீழே கடுகெண்ணெய் வாசனை.
கெஞ்சிக் கூத்தாடி
மூன்று லாட்ஜில் இடம் பிடித்தோம்.

இவருக்கு அவர் ஆகாது:
ஒரு தேற்றத்தை முதலில் நிறுவியது யார் என்று
பதினாலு வருஷமாய்ப் பேசிக்கொள்ளாதவர்கள்.
ஒருவர் குறட்டை. ஒருவர் விடியும்வரை விளக்கு.
ஆகாதவர்களுக்கு இடையே கோடு போட்டு
மூன்று நிறத்தில் அடக்கப் பார்த்தேன்.
இரண்டு நிறமென்றால் எளிது, மூன்றென்றால்
விரைவான வழி யாருக்கும் தெரியாது என்று
வருஷா வருஷம் கரும்பலகையில் சொல்கிறவள்.
தெரியாமலிருப்பது
இப்படித் தலையை வலிக்கும் என்று சொன்னதில்லை.

அலுவலக வாஜித் பாய் எட்டிப் பார்த்து
"சண்டைக்காரங்களுக்கு ஒரே ரூம் குடுங்க மேடம்,
ஏசி ஒண்ணுதானே, பேசித்தானே ஆகணும்" என்றார்.
எந்தப் பாடநூலிலும் இல்லாத வழி.
மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே வந்து
ஏசி ஓடவில்லை என்று புகார் கொடுத்தார்கள்.

ஜோர்ஹாட்டிலிருந்து திபாகர் போரா
அறையே கேட்கவில்லை.
இரண்டாம் நாள் பத்தரைக்கு அவர் உரை.
முந்தின இரவு பதினொன்றுக்குப் போன்:
அதே பத்தரைக்கு அப்பாவுக்கு ஸ்கேன்,
டோக்கன் நாற்பத்தேழு.
மாநாட்டுக்கு வரும்போது அப்பாவை அழைத்து வந்தாரா,
அப்பாவை அழைத்து வரவே கட்டுரை அனுப்பினாரா,
நான் கேட்கவில்லை.
ஒரு உரையை நகர்த்தினால் நாலு நகரும்,
தேநீர் நகரும்,
போர்தோவிலிருந்து வந்தவரின் விமானம் நகராது.
இரவு ஒன்றரைக்கு ஒரு வழி கிடைத்தது.
சிறந்ததா தெரியாது. நடக்கக்கூடியது.

மாலை நாலு மணிக்கு வந்தார்.
ஆஸ்பத்திரிப் பையை நாற்காலியில் சாய்த்துவிட்டு
போனைத் திரை தெரிய மேசையில் வைத்தார்.
ஆம், இல்லை என்று
இரண்டே விடையுள்ள கேள்விகளைப் பற்றிப் பேசப்போகிறேன்,
என்று தொடங்கினார்.
கடைசி வரிசையில் எனக்கு மட்டும் வியர்த்தது.

மூன்றாவது துணைத்தேற்றத்தில் போன் ஒளிர்ந்தது.
பார்த்தார்.
கவிழ்த்து வைத்தார்.
எங்கே விட்டேன், என்றார்.
சமன்பாடு நான்கு, என்றது யாரோ.
அங்கிருந்து தொடர்ந்தார்,
குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அன்றிரவே ரயில்.
முனிரத்தினம் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு வந்தார்.
எப்படி இருந்தார்கள் என்றேன்.
"பெரியவரு ஜன்னலாண்ட சிரிச்சிக்கினுதான் இருந்தாரு மேடம்.
புள்ளதான் ஒண்ணுமே பேசல.
அத வச்சி இன்னானு சொல்றது."

இப்போது கணக்குப் பிரிவு கேட்கிறது:
திட்டத்தில் இல்லாத ஒரு ஆட்டோ,
இருநூற்றெண்பது ரூபாய். நோக்கம்?

ஜன்னலுக்கு வெளியே
வாஜித் பாயின் ஸ்கூட்டருக்கு உறையாகிவிட்ட பேனர்,
ஏழு புள்ளியில் ஐந்துதான் தெரிகிறது.
நோக்கம் என்ற கட்டத்தில்
'உரையாளர் போக்குவரத்து' என்று எழுதினேன்.
பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து
'இரண்டு பேர்' என்று சேர்த்தேன்.