நூற்று முப்பத்தேழு பிரதிகள்

செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தார்கள்.
வியாழன் மாலை சுகிர்தா சிஸ்டர் போன் செய்தாள்:
ஒரு மில்லிக்கு நூற்று முப்பத்தேழு பிரதி.

பதினோரு வருடம் தம்புச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் நான்.
வக்காலத்து, வில்லங்கம், விவாகரத்து மனு,
எதுவானாலும் பக்கம் ஒரு ரூபாய்.
வாயில் வந்தது அந்தப் பழைய கேள்விதான்:
"ஒரிஜினல் எங்கே சிஸ்டர்?"

அவள் சிரிக்கவில்லை.

ஒரிஜினல் எனக்குள்தான் இருந்ததாம்.
ஒரு சளிக்காய்ச்சல், பள்ளிக்கு இரண்டு நாள் லீவு,
அவ்வளவுதான் இருந்திருக்கும்.
அம்மைக்கு ஆத்தா பெயர் உண்டு.
அக்கிக்குக் காவி குழைத்து எழுத ஆள் உண்டு.
இதைத் திட்டத் தமிழில் ஒரு வசவுகூட இல்லை.
மூன்றே எழுத்து, சி.எம்.வி.
நாற்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்தது,
திரும்ப வாங்க யாரும் வராத கட்டு
அடித்தட்டில் கிடப்பதுபோல.

காவல் இருந்த ரத்தத்தை
நாங்களே கழுவி ஊற்றிவிட்டோம்.
இப்போது ஓடுவது தம்பி ஆல்வினுடையது.
சோதித்தால் ஆண் என்று காட்டுமாம்.
அவனுக்கு இந்தக் கிருமி வந்ததே இல்லை.
அதுதான் சிக்கல் என்கிறார் டாக்டர்.
பார்த்திராத முகத்தை
எப்படிப் பிடித்துக் கொடுப்பான்?

ஐம்பத்தொன்றாம் நாள்.
அமைந்தகரையில் மாத வாடகை அறை.
ஏசி பெட்டிமேல் புறா உட்காராமலிருக்க
பிரான்சிஸ் ஸ்டூல் போட்டு வலை கட்டுகிறார்.
தயிர் கிடையாது, பூ கிடையாது,
ஆவி பறக்கிற இட்லி மட்டும்.

அடுத்த செவ்வாய் ஆயிரத்து அறுநூறு.

மருந்து எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன்.
நகலெடுக்கும்போது எழுத்து மாதிரி வேஷம் போட்டு
நடுவில் போய் மாட்டிக்கொள்ளுமாம்.
"பேப்பர் ஜாம்" என்றேன்.
டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
அதேதான், ஆனால்
தம்பியின் அணுக்களும் இப்போதுதான் பெருகுகின்றன,
அந்த மெஷினிலும் கொஞ்சம் சிக்கும் என்றார்.

தெரியும் எனக்கு.
சிக்கினதை இழுத்தால்
நல்ல பக்கமும் கிழிந்துதான் வரும்.

ராத்திரி ஆல்வின் கூப்பிட்டான்.
"என்னாலயாக்கா?"
இல்லடா. உனக்கு அதைத் தெரியாது, அவ்வளவுதான்.
பழகிக்குவ.
போனை வைத்த பிறகும் ஸ்டாண்டில்
பை சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த வார எண் இன்னும் வரவில்லை.
காலை மாத்திரை அட்டைகளை எண்ண உட்கார்ந்தேன்.
கட்டைவிரல் தானாக எச்சில் தேடிப் போய்
மாஸ்க்கில் முட்டி நின்றது.