கொப்பியில் எழுதாதது

புறப்படும்போது மசாஹிம் ஒரு கொப்பியை நீட்டினார்,
“ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க தங்கச்சி.”
முன்பக்கங்களில் ஜேர்மன், பிரெஞ்சு,
வலமிருந்து இடம் ஓடும் ஓர் எழுத்து,
எல்லாவற்றுக்கும் கீழே ஓர் இதயம்.
தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.
நன்றி என்று எழுதினேன்.
ஊர்: களுவாஞ்சிக்குடி.
மிச்சம் இது.

போட்டோவில் கடல் நீலம்.
கிட்டப் போனாலும் நீலம்தான், பொய் சொல்லக் கூடாது.
ஆனால் எங்கள் அறை பார்த்தது
பக்கத்துக் கடையின் தண்ணீர்த் தாங்கியை.
“கடல் தெரியும்” என்று ஜெயந்திமாலாவுக்கு ஃபோனில் சொன்னது
குளியலறை ஜன்னலைத்தான் என்பது
கொமட்டின் மேல் ஏறி நின்றபோது விளங்கியது.

ஊருக்கு உல்லை என்று ஒரு பெயர் இருக்கிறது.
பலகைகள் எதிலும் அது இல்லை.
மெனுவில் புட்டு இல்லை,
அவகாடோ மூன்று விதமாக இருந்தது.
கடை வாசலில் நின்ற பொடியன்
சிங்களத்தில் கேட்டான், பிறகு ஆங்கிலத்தில்,
நான் தமிழில் சொன்னதும்
முகம் ஈரச் சீலைபோல் தொங்கிவிட்டது:
இவள் ஒரு பிளேன்ரீயோடு மூன்று மணித்தியாலம் இருப்பாள்.
இருந்தேன்தான்.

பாட்டுப்பெட்டி இரவு இரண்டு வரை.
பாங்கு நாலே முக்காலுக்கு.
நடுவில்தான் அலைச்சத்தம் கேட்டது.
காசு கொடுத்தது இதற்காக்கும் என்று
அதையும் வீணாக்காமல் விழித்திருந்தேன்.

‘பீனட் ஃபார்ம்’ என்றார்கள். ஓட்டோ பிடித்துப் போனோம்.
கச்சானும் இல்லை, தோட்டமும் இல்லை.
மற்றக் கச்சான் இருந்தது,
வயலெல்லாம் காயவைத்து மேற்கிலிருந்து வரும் நெருப்புக் காற்று.
நாங்கள் கதவடைத்துத் திட்டுவோமே, அதையேதான்
பலகையோடு நின்ற ஒருத்தி
கண்மூடி முகத்தில் வாங்கினாள்.
அது வீசினால்தான் அலை நிமிர்ந்து நிற்குமாம்.
நாற்பத்துநாலு வயதில் எனக்கிது புதுத் தகவல்.

மூன்றாம் நாள் விடிய,
பலகை வாடகைக்கு விடும் இஹ்திஷாம்
“எழும்ப வேணாம், சும்மா படுங்க” என்றான்.
இருபது வருடமாகக் கணுக்காலுக்கு மேல்
கடலை விட்டதில்லை நான்.
எங்கள் கரையில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
அவனும் கேட்கவில்லை.
சுடிதாரோடு படுத்தேன்.
பின்னாலிருந்து தள்ளினான்.

ஏழு செக்கன் இருக்கும்.
வாய் நிறைய உப்பு.
கரையில் மூக்குக்குத்தி விழுந்து
சங்கக் கடை லிகிதர் சொல்லத்தகாத ஒரு சொல்லை
உரக்கச் சொன்னேன்.
ஜெயந்திமாலாவின் ஃபோனில் சார்ஜ் இல்லை.
இராத்திரி கரண்ட் போயிருந்தது.

“ஊர்க்கார ரேட்” என்று பாதிக் காசுதான் எடுத்தான்.
பாதியும் கூடத்தான்.

ஆகவே, கேட்பவர்களுக்கு:
மூன்று இரவு தேவையில்லை.
சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.
எங்கள் ஊர்க் கடலும் இதே கடல்தான்,
அங்கே இறங்குவாயா என்றால்
கொஞ்சம் பொறுங்கள்.

அக்கரைப்பற்று பஸ்ஸில்
ஷொப்பிங் பைக்குள் சுடிதார்.
கோமாரி தாண்டியும் சொட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து சீற்றுக்காரர் குனிந்து பார்த்தார்,
செருப்பைக் கழற்றி
காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.