எழுபது விநாடி

லியெக்சா நகர நூலகம், மேல்மாடி. பிப்ரவரி.
ஈரக் கம்பளிக் கோட்டுகள்
வெந்நீர்க் குழாயின்மேல் ஆவி விடுகின்றன.
குலுக்கலில் பெயர் விழுந்த பதினாறு பேர்:
பனி வாரும் வண்டி ஓட்டுகிற ஹெய்மோ,
பல்செட் செய்பவர் ஒருவர்,
இரட்டைக் குழந்தைகளை யாரிடமோ விட்டு வந்தவள்,
காகித ஆலை மூடி மூன்று மாதமாய்
வீட்டிலிருக்கும் ஒருவர், இப்படி.
படிக்காசு உண்டு. காப்பி உண்டு.
ஏலக்காய் ரொட்டி தீர்ந்துவிட்டது.

நான் குறிப்பெடுப்பவள்.
அமைச்சகத்துக்குப் போகும் அறிக்கையில்
என் கை தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம்.

விஷயம் இதுதான்:
அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை
இனி முதலில் ஓர் இயந்திரம் கேட்கும்.
மூச்சு, சொல்லின் வேகம், பின்னால் குரைக்கும் நாய்
எல்லாம் எடைபோட்டு
ஆம்புலன்ஸா ஆறுதலா என்று பிரிக்கும்.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த நிபுணர் நல்லவர்.
எளிமையாய்ப் பேச ரயிலில் ஒத்திகை பார்த்திருக்கிறார்,
தெரிகிறது.
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரி, என்றார்.
மீதி ஆறு பேர் எந்த ஊர், என்றார் பல்செட்காரர்.
குறிப்பில்: சிரிப்பு.

ஹெய்மோ சிரிக்கவில்லை.
போன மார்கழியில் அவர் தம்பி
பதினொரு நிமிடம் வரிசையில் நின்றான்,
காதில் பியானோ இசையோடு.
இயந்திரம் வரட்டும், என்றார். நாளைக்கே வரட்டும்.

அதன்பிறகு யாரும் பேசாத இடத்தில்
மேசைக் கோடியில் தெல்லெர்வோ கை தூக்கினாள்.
காலையிலிருந்து வாய் திறக்காதவள்.
"அ..."
"அந்த... அந்த இ..."

என் திரையில் ஒரு கோடு துடித்துத் துடித்து நிற்கிறது.
யாரோ சொல்லெடுத்துக் கொடுக்க வாய் திறந்து
மூடிக்கொண்டார்கள்.
கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
சாவி திரும்பாத பூட்டின்முன் நிற்பவளாய்
நின்றாள் அவள், தன் தொண்டைக்கு வெளியே.
நாங்கள் இருந்தோம். அவ்வளவுதான் செய்தோம்.

"இயந்திரம் எனக்காக இப்படிக்
கா...
காத்திருக்குமா?"

நிபுணர் தாள்களைப் புரட்டினார்.
எட்டு விநாடி பேச்சில்லாவிட்டால்
தவறிய அழைப்பு என்று மூடிவிடும்,
என்று வாசித்தார்.
வாசித்த பிறகுதான் அவர் காதிலும் விழுந்தது போல.

ஞாயிற்றுக்கிழமை வரைவைப் படித்துக் காட்டினேன்:
பேச்சுக் குறைபாடுடையோர் குறித்துக்
கவலை தெரிவிக்கப்பட்டது.
தெல்லெர்வோ தலையசைத்தாள், இல்லை என்று.
கவலைப்படவில்லை. கேட்டேன்.
அதை எழுதவே இன்னொரு நிமிடம் ஆனது.

பதிவை ஓட்டி அளந்தேன்: எழுபது விநாடி.
முப்பத்தோராம் பக்கத்தில்
அவள் சொற்களுக்கு நடுவே அத்தனை வெற்று வரி விட
பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள்.
ஹெய்மோவும்.
இயந்திரம் வேண்டும் என்ற தன் வரியையும்
அதே பக்கத்தில் போடச் சொன்னார்.

வியாழனன்று அமைச்சகத்திலிருந்து தொலைபேசி:
முப்பத்தொன்று அச்சுப் பிழையா?
நான் உடனே பதில் சொல்லவில்லை.
ஹலோ, என்றார்கள். இருக்கிறீர்களா, ஹலோ.