இரண்டு சிரட்டைக் குதிரை

குதிரை நான்தான்.
இரண்டு சிரட்டை, ஒரு தட்டு மணல்.
மணல் காலிமுகத்திடலில் அள்ளியது.
உப்பு ஈரம் கடைசிவரை போகாததால்
அரிசோனாப் பாலைவனத்தில் எங்கள் குதிரைகள்
கொஞ்சம் நனைந்த காலோடுதான் ஓடின.

துப்பாக்கியும் நான்தான்:
தோல் கதிரையில் அடிமட்டத்தால் ஒரே அறை.
தூக்குக்கயிறு முறுகுவது
கன்டீனிலிருந்து கடத்திவந்த பிரம்புக் கூடை.
பேர் வாசிக்கமாட்டார்கள்.
கிழமைக்கு ஏழு ரூபாய் ஐம்பது சதம்.

செவ்வாய் இரவு எட்டரைக்கு
தங்கம் கண்டவன் கூட்டாளியைக் கொல்வான்.
எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஷெரிப்பும் நீதியும்.
பேராசை பெருநட்டம் என்று முடித்த அதே குரல்
மூச்சு வாங்காமல்
செட்டியார் தெருவில் புதிய அட்டியல்கள்
வந்திறங்கியிருப்பதாக அறிவிக்கும்.

பொன் மூட்டைக்குச் சில்லறை சரிவரவில்லை,
ஐந்து சதம் தகரம்போல் அழும்.
விளம்பரம் தந்த நகைக்கடைக்காரரே
ராசா தலை போட்ட வெள்ளி ரூபாய் நாற்பதை
கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
துணிப்பையில் இரவல் தந்தார்.
மூன்றாம் கிழமை
முப்பத்தொன்பது.

பையைத் தூக்கிவந்தவன், தூக்கிப்போனவன்
பியூன் பியதாச.
வேறு சாட்சி தேவைப்படவில்லை.
சம்பளத்தில் பத்து ரூபாய் வெட்டினார்கள்.
தமிழில் திட்டினார்கள்.
முழுவதும் விளங்கியும்
விளங்காதவன்மாதிரி நின்றான்.

எனக்குத் தெரியும்.
காதை வைத்துப் பிழைக்கிறவன்.
ஷெரிப் அருளப்பா மழைக்குப் பயந்து
வாசல்வரை ஓடியபோது
வலப்பக்கச் சட்டைப்பையில்
சாவியோடு உரசியது
வெள்ளி.

சொல்லவில்லை.
அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுப்பது அருளப்பா.
ஏழு ரூபாய் ஐம்பது சதம்.
மூன்று கிழமையாய் என் குதிரைகள்
ஒரு காலை நொண்டின,
நேயர் எவரும் கவனிக்கவில்லை.

ஏழாம் அத்தியாயம், நேரடி ஒலிபரப்பு.
சிவப்பு விளக்கு எரிந்தது.
குகைக்குள் கொலைகாரன், மடியில் பொன்.
அருளப்பா ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து
அந்த அழகான குரலில்,
"அடுத்தவன் உழைப்பைத் தின்றவனே,
இந்த மண்ணில் சட்டம் இன்னும் சாகவில்லை" என்றார்.
தாளில் அடுத்த வரி:
துப்பாக்கி வெடிக்கிறது.

அடிமட்டம் வலக்கையில்.
பை இடக்கையில்.
எப்படி முடிவெடுத்தாய் என்று
பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள்.
நான் எடுக்கவில்லை, இடக்கை எடுத்தது.
ஒரே ஒரு ரூபாயைச்
சிமெந்துத் தரையில் விட்டது.

ணங்.

பிறகு அது உருண்டது.
மேசைக் காலைச் சுற்றி உருண்டது,
மன்னாரில் உருண்டது, பதுளை லயங்களில் உருண்டது,
வெள்ளவத்தை மாடிகளில்
சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் நிற்க உருண்டது,
கிறுகிறுத்துப் படபடத்து
அருளப்பாவின் சப்பாத்தடியில்
படுத்தது.

சுடப்பட்டவன் சாக மறந்து நின்றான்.
அருளப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
அது சத்தமில்லாத காரியம், வானொலியில் வராது.
நான் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
தேநீர்த் தட்டோடு பியதாச பார்த்தான்.

அடுத்த கிழமை வேறொருவன் குதிரை.
கடிதங்கள் பதினேழு வந்தன.
சிலாபத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்,
ஷெரிப்பின் தோட்டா வெள்ளியா என்று.
பத்து ரூபாய் திரும்பி வரவில்லை.
அருளப்பாவுக்கு வருடக் கடைசியில்
சிறந்த குரலுக்கான கேடயம்.

நான் கொம்பனித்தெருவில்
சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறேன்.
சிரட்டை இரண்டும் இருக்கின்றன,
ஒன்றில் கிறீஸ், மற்றதில் சில்லறை.
ஒரு நாள் பியதாச வந்தான்,
பின் சில்லுக்குக் காற்றடிக்க.
சல்லி வேண்டாம் என்றேன்.
அவன் கேட்கவில்லை,
சிரட்டைக்குள் போட்டுவிட்டு ஏறி மிதித்தான்.
நான் குனிந்து பார்க்கவில்லை.
சத்தம் போதும்.
பத்துச் சதம்.
சரியாக இருந்தது.